ரொடோகாஸ் என்று பேர் போடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் துணுக்குப் பக்கத்தில், ‘பப்புவா காட்டுவாசிகளின் மொழியில் மொத்தமே 11 ஒலிகள்; அதை வைத்து என்னதான் பேசுவார்களோ!’ என்று ஒரு வரி. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

அந்த மொழிக்குப் பேர் ரொடோகாஸ். பப்புவா நியூ கினி நாட்டின் பூகன்வில் தீவில் சில ஆயிரம் பேர் பேசுகிறார்கள். 1980களில் அந்தத் தீவில் நான் கணக்கு வாத்தியார். 1989இல் பாங்குனா செம்புச் சுரங்கம் மூடி, உள்நாட்டுச் சண்டை முற்றியபோதுதான் ஊர் திரும்பினேன். என் வகுப்பில் ரொடோகாஸ் பிள்ளைகள் ஐந்தாறு பேர். என்ன பேசுவார்கள் என்றா கேட்கிறீர்கள்? மணி அடித்தாலும் நிறுத்த மாட்டார்கள்.

11 என்ற கணக்கும் நடு ரொடோகாஸ் என்ற வட்டார வழக்குக்கு மட்டும்தான் பொருந்தும். அதில் 5 உயிர், 6 மெய். ம, ந, ங மாதிரியான மூக்கொலிகள் அங்கே தனி ஒலிகளாக இல்லை. வெளியூர்க்காரர் ரொடோகாஸ் பேசுவதை நடித்துக் காட்டும்போதுதான் மூக்கால் பேசுவார்கள். என்னையும் அப்படி நடித்துக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் ஐடா என்ற இன்னொரு வழக்கில் மெய்கள் 9, மூக்கொலி மூன்றும் உண்டு. ஐடா பக்கத்துப் பையன் ஒருவன் தன் பேச்சில், நம் ‘மரம்’ என்பதன் மகரத்தையும் ‘பம்பரம்’ நடுவில் வரும் பகரத்தையும் பிரித்துச் சொல்லும் இடங்களில், மற்றவர்கள் இரண்டுக்கும் வகரம் போன்ற ஒரே ஒலியைச் சொல்வார்கள். ஆனாலும் ஒருவர் பேச்சை ஒருவர் கொச்சை என்று சொல்லி நான் கேட்டதில்லை.

கல், பகல், தங்கம் மூன்றிலும் ஒரே ககரத்தை மூன்று விதமாக ஒலிக்கிற நாம், எண்ணிக்கையை வைத்து இன்னொரு மொழியை எடைபோடலாமா? தங்களுக்குத் தெரியாததல்ல.

‘பப்புவா மொழி’ என்று ஒன்றே ஒன்று இருப்பதுபோல் தங்கள் இதழ் எழுதுவது இது மூன்றாம் முறை. பப்புவா நியூ கினியில் மட்டும் 800க்கு மேல் மொழிகள். 2019 பூகன்வில் வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் 98 சதவீதம் பேர் தனிநாடு கேட்டார்களே, அதற்கு இரண்டே வரி ஒதுக்கினீர்கள். அப்போதும் கடிதம் எழுதினேன். இடமில்லை போலும். சரி, விட்டுவிட்டேன். இதை விட முடியவில்லை.

அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள்: மொழி ரொடோகாஸ், 11 ஒலி நடு வழக்குக்கு மட்டும். அப்புறம் அந்தக் ‘காட்டுவாசி’யை எடுத்துவிடுங்கள். அவர்கள் என் மாணவர்கள்.

தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர்,
கும்பகோணம்