ஒரு ஜூரர் மறுத்தால் விடுதலை ஆகிவிடாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க ஜூரி முறை பற்றிய கட்டுரையில், ஜூரர்களாக அமர்ந்து தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் 12 பேரில் ஒருவர் முரண்டு பிடித்தாலே குற்றவாளி தப்பிவிடுவார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியில்லை. கூட்டாட்சி நீதிமன்றங்களில் 'குற்றவாளி அல்ல' என்று சொல்லவும் 12 பேரும் ஒத்துப்போக வேண்டும். 11–1 என்று நின்றுவிட்டால் அது விடுதலை ஆகாது. அரசுத் தரப்பு புதிய ஜூரியை வைத்து வழக்கை மறுபடி நடத்தலாம்.

இழுபறி என்றால் ஜூரி நீதிபதிக்குச் சீட்டு எழுதி அனுப்பும். எத்தனைக்கு எத்தனை என்று அந்த நீதிபதி கேட்கவே கூடாது. தனித்து நிற்பவர் மீது அது நெருக்கடியாகிவிடும் என்பதால் உச்ச நீதிமன்றம் 1926-லேயே தடுத்துவிட்டது. ஆனால், எண்ணிக்கையில் குறைந்த தரப்பினர் தங்கள் கருத்தை மறுபடி யோசிக்கட்டும் என்று அறிவுரை சொல்லி உள்ளே திருப்பி அனுப்பலாம். 1896 ஆலன் வழக்கில் ஏற்கப்பட்ட இந்த அறிவுரைக்கு வக்கீல்கள் வைத்த பெயர் 'டைனமைட்'. முடிவை அறிவித்த பிறகும் ஜூரர்களைத் தனித்தனியே கேட்கும்படி எந்தத் தரப்பும் கோரலாம். அப்போது ஒருவர் 'இது என் முடிவல்ல' என்றாலும் தீர்ப்பு நிற்காது.

12 பேரில் 10 பேர் ஒத்துப்போனாலே முடிவு என்ற 10–2 முறையால் நேரம் மிச்சம் என்கிறது கட்டுரை. அமெரிக்க மாநிலமான லூசியானா 1898-இல் 9 பேர் போதும் என்று வைத்தது நேரத்துக்காகவா? ஜூரியில் இடம்பிடித்துவிடும் ஓரிரு கறுப்பினத்தவரின் வாக்கைச் செல்லாக்காசாக்கத்தான். பிற்பாடு அதை 10 ஆக்கினார்கள். பத்தாவது ஆள் சேர்ந்ததும் மீதி இருவருக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. இங்கிலாந்திலும் 1967 முதல் 10–2 உண்டுதான். ஆனால் அங்கே குறைந்தது 2 மணி நேரம் (நடைமுறையில் 2 மணி 10 நிமிடம்) ஒருமித்த முடிவுக்கு முயன்ற பிறகே நீதிபதி அதை அனுமதிப்பார்.

மனைவியின் காதலனைச் சுட்டுக்கொன்ற கடற்படை அதிகாரி நானாவதியை மும்பை ஜூரி 8–1 என்று 'குற்றவாளி அல்ல' என்றதே, அந்த வழக்கைக் கட்டுரை இழுத்தது பொருந்தவில்லை. அது 9–0 ஆக இருந்திருந்தாலும், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 307-வது பிரிவின்படி செஷன்ஸ் நீதிபதி அதை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பியிருக்க முடியும்.

2020-இல் ராமோஸ் வழக்கில், கடும் குற்றங்களில் ஜூரி ஒருமித்தால்தான் தண்டனை என்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் கட்டாயமாக்கியது. மேல்முறையீடு முடிந்த பழைய வழக்குகளுக்கு இதன் பலன் உண்டா என்பதை 2021-இல் அந்தந்த மாநிலத்துக்கே விட்டுவிட்டது. 10–2 முறை இருந்த ஓரிகன் 2022-இல் கதவைத் திறந்தது. அதே ஆண்டு லூசியானா உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

— வழக்கறிஞர் ஒருவர், திருநெல்வேலி