காலாண்டு விடுமுறைக்குப் பின் பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு வணக்கம்.

காலாண்டுத் தேர்வு முடிந்து விடைத்தாள்கள் கொடுத்தாயிற்று. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் தேர்ச்சி திருப்தியாகவே இருக்கிறது. கணக்கில் மட்டும் இன்னும் கொஞ்சம் உழைக்க வேண்டும். விளையாட்டுப் போட்டிகளில் நம் பிள்ளைகள் நன்றாக ஆடினார்கள். குறள் ஒப்புவித்தல், ஓவியம், அறிவியல் கண்காட்சி ஆகியவற்றில் பரிசு பெற்ற அனைவருக்கும் வாழ்த்துகள். பெயர்கள் அறிவிப்புப் பலகையில் இருக்கின்றன. பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தின் தேதி டைரியில் வரும்.

அடுத்து, பிள்ளைகள் ஓட்டி வரும் பேட்டரி வண்டிகள் (மின்சார சைக்கிள், சிறிய மின் ஸ்கூட்டர்).

மாலையில் மணி அடித்ததும் சைக்கிள் ஸ்டாண்டிலிருந்து கிளம்பும் பேட்டரி வண்டிகளில் பாதி மெயின் ரோட்டுக்குப் போவதில்லை. லாரிக்கும் பஸ்ஸுக்கும் பயந்து ஏரிக்கரை நடைபாதையில் ஏறிவிடுகின்றன. அந்தப் பயம் நியாயமானதுதான். காட்பாடி பக்கத்துச் சாலைகளை அறிந்த யாரும் அதற்காகப் பிள்ளைகளைக் கடிந்துகொள்ள மாட்டார்கள். ஆனால் வெயில் தாழ்ந்து ஊரே நடக்கக் கிளம்பும் நேரமும் அதுதான். முழங்கால் வலிக்காரர்கள், சர்க்கரைக்காக நடப்பவர்கள், பேரக்குழந்தையைக் கையில் பிடித்து வரும் பாட்டிமார்கள் எல்லாரும் அந்த ஒரே பாதையில் இருக்கிறார்கள். பேட்டரி வண்டிக்குச் சத்தமே கிடையாது. பின்னால் வருவது தெரிவதற்குள் முழங்கையை உரசிக்கொண்டு போய்விடுகிறது. இந்தச் சில வாரங்களில் மூன்று தடவை பள்ளிக்கே வந்து முறையிட்டுவிட்டார்கள். ஓட்டிய பிள்ளை யார் என்று அவர்களுக்குத் தெரியாது. எந்தப் பள்ளி என்று மட்டும் தெரியும். யூனிஃபார்ம் சட்டை போதும்.

"லைசென்ஸ் வேண்டாத வண்டி என்று கடையில் சொன்னார்கள் சார்" என்று பல பெற்றோர் சொல்கிறீர்கள். அது பாதி உண்மை. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கும் அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கி.மீ.க்கும் குறைவாக இருக்க வேண்டும். பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவைத் தாண்டக் கூடாது. முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் இருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற சோதனை அமைப்பின் சான்றும் வேண்டும். புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. அப்படி ஓர் அமைப்பு. இவை எல்லாம் இருந்தால்தான் அது மோட்டார் வாகனக் கணக்கில் வராது. பெடல் மிதித்தால் மோட்டார் உதவும் வகை என்றால், மிதிப்பதை நிறுத்தியதும் மோட்டாரும் நிற்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் பதிவு, லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் தேவை. பில்லில் "250 வாட்" என்று எழுதியிருப்பது சான்று ஆகாது. சான்றின் நகலைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். தரத் தயங்கினால் காரணம் உங்களுக்கே புரியும்.

யூடியூப் பார்த்துவிட்டு, அமெரிக்காவில் மணிக்கு 32 கி.மீ. வேகம் வரை ஓட்டலாமே என்று சில மாணவர்கள் வாதிடுகிறார்கள். அங்கே பல மாநிலங்களில் இந்த வண்டிகளை மூன்று வகையாகப் பிரித்து, எந்தப் பாதையில் எந்த வகை போகலாம் என்று பலகை வைக்கிறார்கள். அந்தப் பலகையையும் சேர்த்துப் படித்திருந்தால் நன்றாயிருக்கும். நம் ஏரிக்கரையில் அப்படிப் பலகை கிடையாது. அதனாலேயே ஓட்டுகிறவர்தான் கூடுதலாகக் கட்டுப்பட வேண்டும்.

வேகத்தைப் பற்றி. பல வண்டிகளில் டிஸ்ப்ளே செட்டிங்கிலோ ஒரு வயரைப் பிரித்தோ வேகக் கட்டுப்பாட்டை நீக்கிவிடுகிறார்கள். பிறகு அது 40, 45 கி.மீ. ஓடுகிறது. எதிரே ஆள் வருவதைப் பார்த்து பிரேக் பிடிக்க ஒரு வினாடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். 25 கி.மீ. வேகத்தில் அந்த ஒரு வினாடியிலேயே வண்டி 7 மீட்டர் ஓடிவிடும். நிற்க இன்னும் 6 மீட்டர். 45-ல் முதல் வினாடியில் 12.5 மீட்டர், நிற்க மேலும் 20 மீட்டர் போல. மூன்று பள்ளிப் பேருந்துகளை வரிசையாக நிறுத்திய நீளம் அது. இதுவும் காய்ந்த தார்ச்சாலையில், பிரேக் நன்றாக இருந்தால்தான். கரையின் பொடி மணலில் இன்னும் கூடும். மோதும் ஆற்றல் எத்தனை மடங்கு கூடும் என்பதைப் பதினோராம் வகுப்பு இயற்பியல் பிள்ளையிடம் கேளுங்கள். மூன்று மடங்குக்கு மேல் என்று அவனே சொல்வான்.

வீட்டில் நீங்களே சோதிக்கலாம். காலி மைதானத்தில், சமதரையில், செல்போனின் ஜிபிஎஸ் வேகமானியை வைத்து ஓட்டிப் பாருங்கள். டிஸ்ப்ளே காட்டும் எண்ணை நம்பாதீர்கள். பிறகு வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரம் தரையில் படாதபடி ஆக்ஸிலரேட்டரைத் திருகிக்கொண்டே பிரேக் லீவரைப் பிடியுங்கள். மோட்டார் அந்தக் கணமே அடங்க வேண்டும். லீவருக்குள் இருக்கும் சிறிய ஸ்விட்ச்தான் அதைச் செய்கிறது. வண்டி விழுந்து எழுந்தால் அது கெட்டுப்போகலாம். அது கெட்டுவிட்டால் பிள்ளை பிரேக்கைப் பிடிக்கும்போது மோட்டார் எதிராகத் தள்ளிக்கொண்டிருக்கும். லீவரை முழுசாக அழுத்தினாலும் ஹேண்டில்பாரைத் தொடக் கூடாது. தொட்டால் கேபிளை இறுக்க வேண்டும், அல்லது பிரேக் பேட் தேய்ந்துவிட்டது என்று பொருள்.

அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டியில் மோட்டார் கிட் மாட்டிக்கொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்த சைக்கிளின் ஃபோர்க்கும் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) பிரேக்கும் மிதிக்கும் வேகத்துக்குச் செய்தவை. முன் சக்கரத்தின் நடுவில் ஹப் மோட்டார் மாட்டினால், மோட்டார் இழுக்கும்போது அச்சு எதிர்ப்பக்கம் முறுக்கிக்கொள்ளும். அதைத் தடுக்க ஃபோர்க்கோடு சேர்த்து ஒரு இரும்புத் தகடு போல்ட் போட வேண்டும். பெரும்பாலும் அதைப் போடுவதில்லை. நட்டு தளர்ந்து, அச்சு சுழன்று, வயர் அறுந்து, சக்கரமே கழன்று விழும். இந்த வண்டிகளுக்குச் சான்றும் கிடையாது.

பொதுப் பாதையில் நடந்துகொள்ளும் முறை பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. வீட்டிலும் ஒரு முறை சொல்லுங்கள். அங்கே நடப்பவருக்கே முதல் உரிமை. வண்டி இடது ஓரம், ஒன்றன் பின் ஒன்று. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டு போவது கூடாது. ஒருவரைத் தாண்டும் முன் 15 மீட்டர் தூரத்திலேயே ஒரு தடவை மணி அடிக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் வந்து அடித்தால் பயந்து எந்தப் பக்கம் விலகுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அவர் திரும்பிப் பார்த்த பிறகு, நடக்கிறவரின் வேகத்தைவிடக் கொஞ்சம்தான் கூட, கை நீட்டினால் தொடாத இடைவெளி விட்டுத் தாண்ட வேண்டும். காது கேளாதவர் என்றால் திரும்பவே மாட்டார். அப்போது இறங்கித் தள்ளிக்கொண்டு போவதுதான் வழி. வேலூர்க் கோட்டை அகழி ஓரத்துப் பாதையிலும் இதே முறைதான். அங்கே சிகிச்சைக்காக வெளிமாநிலத்திலிருந்து வந்து தங்கியிருப்பவர்கள் மாலையில் நடக்கிறார்கள். "ஓரம், ஓரம்" என்று கத்தினால் அவர்களுக்குப் புரியாது. வயிற்றில் கட்டோடு நடப்பவரால் துள்ளி விலகவும் முடியாது.

ஆட்டு மந்தை வந்தால் மணி அடிக்காமல் மோட்டாரை நிறுத்தி நிற்க வேண்டும். மணி அடித்தால் மந்தை இரண்டாகச் சிதறும், அதற்குப் பிறகு மேய்ப்பவர் பேசுவதைப் பிள்ளைகள் கேட்காமல் இருப்பதே நல்லது. கரைக்கு ஏறும் சரிவில் ஏறி வருகிறவருக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும். மணல் தெரிந்தால் முன் பிரேக்கைச் சட்டென்று பிடிக்கக் கூடாது; இரண்டையும் சேர்த்து மெதுவாக அழுத்த வேண்டும். காதில் இயர்போன் கூடாது, ஒரு காதில்கூட. பின்னால் ஆள் ஏற்றக் கூடாது. கேரியர் புத்தகப் பைக்காக இருக்கிறது, தம்பிக்காக இல்லை.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரம் இது. ஈர மண்ணில் மோட்டார் சக்கரம் வழுக்கிச் சுழன்றால் கரையில் தடம் விழும். அடுத்த மழையில் தண்ணீர் அந்தத் தடத்தில் ஓடி அதை வாய்க்காலாக்கும். கரை அரிப்பது அப்படித்தான். மழை நின்று மண் காயும்வரை கரைமேல் வண்டி வேண்டாம். தேங்கிய தண்ணீரில் சக்கரத்தின் அச்சு முழுகும்படி போகவும் கூடாது; வயர் நுழையும் இடத்தில் மோட்டாருக்குள் நீர் இறங்கிவிடும்.

நம்மூரை வெயிலூர் என்று கேலி பேசுவார்கள். பேட்டரிக்கு அது கேலியல்ல. வெயிலில் நின்ற வண்டியையோ ஓடி வந்து சூடான வண்டியையோ உடனே சார்ஜில் போடாதீர்கள். தொட்டால் சூடு தெரியாத அளவுக்கு ஆறட்டும். வண்டியோடு வந்த சார்ஜர் மட்டும். மாடிப்படிக்கு அடியிலும் வாசல் கதவை ஒட்டியும் சார்ஜ் போடக் கூடாது. தீப்பிடித்தால் வெளியேற வேண்டிய வழி அது. வகுப்பறை பிளக்கில் சார்ஜ் போடுவது இன்றோடு நிறுத்தப்படுகிறது.

இப்போது கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நம்பர் பிளேட் உள்ள வண்டி, பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து இருக்கும் மின் ஸ்கூட்டர் உட்பட, மாணவர் ஓட்டி வந்தால் வளாகத்துக்குள் வராது. வெளியே கடை ஓரம் நிறுத்திவிட்டு வந்தாலும் வீட்டுக்குத் தகவல் வரும். வேகக் கட்டுப்பாடு நீக்கிய பேட்டரி வண்டியும் சட்டத்தின் கண்ணில் இதே வகைதான். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவின்படி, சிறுவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் தண்டனை பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோதான்: 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. "எங்களுக்குத் தெரியாது" என்று சொன்னால் மட்டும் அங்கே போதாது, அதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். இந்தக் கடிதம் கிடைத்த பிறகு இங்கே அது எடுபடாது.

சான்று உள்ள வண்டிகளுக்குத் தடையில்லை. சான்றின் நகலை அலுவலகத்தில் ஒரு முறை கொடுத்தால் ஸ்டாண்டுக்கான வில்லை தருவோம். சட்டம் கேட்காவிட்டாலும் பள்ளி ஹெல்மெட் கேட்கிறது. ஐஎஸ்ஐ முத்திரை உள்ளது, தாடைக்கடியில் பட்டையை மாட்டி. ஏரிக்கரையில் கூட்டம் இருக்கும் மாலை 4.15 முதல் 6 வரை நம் பிள்ளைகள் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். ஆறேழு நிமிட நடைதான்.

வேலைக்கு ஓடும் பெற்றோருக்கு இந்த வண்டி எவ்வளவு பெரிய ஒத்தாசை என்பதை அறிவோம். கடனுக்கு வாங்கிக் கொடுத்தவர்களும் இருக்கிறீர்கள். பிள்ளை பஸ்ஸுக்குக் காத்து நிற்காமல் வீடு சேர வேண்டும் என்று நினைத்ததில் தவறே இல்லை. நாங்கள் சொல்லாமலேயே கடையில் வேகக் கட்டுப்பாட்டைப் போட்டு வாங்கி வந்த சிலரும், பிள்ளையோடு கரைமேல் ஒரு நாள் நடந்து பார்த்துவிட்டு வந்து பேசிய சிலரும் இருக்கிறீர்கள். உங்களுக்குத் தனியாக நன்றி. முறையிட வந்த பெரியவர்களும் பிள்ளைகளை ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்லவில்லை; அதற்கும் நன்றி சொல்லியாக வேண்டும்.

ஒப்புதல் படிவம் டைரியில் ஒட்டி அனுப்பப்படுகிறது. வண்டி இல்லாத வீட்டாரும் "இல்லை" என்று குறித்துக் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்