மன்றச் செயலாளரின் ஆண்டறிக்கை – 2024

தலைவர் அவர்களே, கமக்கார அமைப்பினரே, மன்ற உறவுகளே, வணக்கம்.

வழக்கமான கூட்டங்களும் பொங்கல் விளையாட்டும் குறையில்லாமல் நடந்தன. விவரம் கூட்டக் குறிப்பேட்டில் இருக்கிறது. அதிகம் பேச வேண்டியது பொதுநோக்கு மண்டபச் சுவரில் வரைந்த குளத்துப் படத்தைப் பற்றித்தான்.

ட்ரோன் பறக்கவிட்டுக் குளத்தைப் படமெடுக்கத்தான் இளைஞர்கள் முதலில் ஆசைப்பட்டார்கள். அதற்குச் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் அனுமதி வேண்டும் என்றதும் அந்தப் பேச்சு அடங்கியது. சரி என்று கூகுள் எர்த்தில் கிடைத்த செய்மதிப் படங்களைப் பெரிதாக அச்சடித்து மண்டபத்தில் விரித்தோம். காடு தெரிந்தது, வயல் தெரிந்தது, பெயர்தான் ஒன்றுமில்லை. மூத்தவர்கள் சுற்றியிருந்து துருசு (மதகு), வாய்க்கால், காணிப் பெயர் என்று சொல்லச் சொல்ல, பிள்ளைகள் கைபேசியில் பதிந்தார்கள். யுத்தம் முடிந்து மீளக்குடியேறியபோது பற்றைக்குள் மறைந்து கிடந்த கிளை வாய்க்கால் ஒன்று அந்தப் பேச்சில்தான் வெளிப்பட்டது. கமக்கார அமைப்பு அதைச் சிரமதானத்தில் துப்புரவாக்கியது. சுவரில் கீறி என்ன கண்டீர்கள் என்று கேட்டவர்கள் அந்த வாய்க்காலைப் போய்ப் பார்க்கலாம்.

சுவர்ப் படத்தின் நிறத்துக்குச் செம்மண்ணும் அடுப்புக்கரியும், பசைக்கு விளாம்பிசின். கதிர் முற்றிய வயலுக்கு மஞ்சள் பூசினால், சுண்ணாம்புச் சுவரில் அது சிவந்துபோனது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் குங்குமம் என்று தெரிந்த அம்மாமார் சிரித்துத் தள்ளிவிட்டார்கள்.

ஜெர்மன் கலைஞர் ஜோசப் பாய்ஸ் 1982இல் காசல் நகரில் 7000 மரம் நடும் வேலையைத் தொடங்கினார். ஒவ்வொரு மரத்தோடும் ஒரு கல் நடப்பட்டது. அவர் இறந்த பிறகு, 1987இல்தான் வேலை முடிந்தது. சித்திர ஆசிரியர் சொன்ன இந்தக் கதையைக் கேட்டு, குளத்தின் நீரோரமான அலைகரையில் மருதும் நாவலும் நட்டோம். கல்லுக்குப் பதில் காணிப் பெயர் எழுதிய பலகை. நவம்பர் கடைசி வாரத்து மழையில் தாழ்வில் நின்ற கன்றுகள் மூழ்கி அழுகின. மேட்டில் நின்றவற்றை மாடு கடித்தது. மருது ஈரம் தாங்கும் மரம்தான், ஆனால் முழங்கால் உயரக் கன்று தலைமூழ்கினால் என்ன செய்யும்? பலகைகள் மட்டும் நிற்கின்றன.

வரும் ஆண்டு இடுப்பளவு வளர்ந்த கன்றுகளையே முள்ளடைத்து நட வேண்டும். அலைகரை விடயம் என்பதால் கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்கு முன்கூட்டியே கடிதம் கொடுப்பதா என்பதை இன்றைய கூட்டம் தீர்மானிக்கட்டும். அடுத்து, கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்