கையடக்க கேம் கன்சோலின் சிப் யாருடையது: வதந்தியைச் செய்தியாக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சோனி நிறுவனத்தின் அடுத்த கையடக்க கேம் கன்சோலுக்கான கிராபிக்ஸ் சிப்பை ஏஎம்டி நிறுவனம் வழங்கப்போவது உறுதியாகிவிட்டதாகத் தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் அண்மையில் வெளியான செய்தியைப் படித்தேன். அந்த ஊகம் தவறு என்று சொல்ல நான் வரவில்லை. பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும் என்பதுதான் என் கணிப்பும். ஆனால், சரியாக இருக்கக்கூடிய ஓர் ஊகத்தை முடிந்துபோன ஒப்பந்தமாக அச்சிடுவதற்கு எந்த ஆதாரமும் இதுவரை வெளிவரவில்லை என்பதாலேயே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இதுவரை பொதுவெளியில் சொல்லப்பட்டவை இவ்வளவுதான். பிளேஸ்டேஷன் 5 விளையாட்டுகளை இயக்கவல்ல ஒரு கையடக்கக் கருவியைச் சோனி உருவாக்கிவருவதாக 2024 நவம்பரில் புளூம்பெர்க் செய்தி வெளியிட்டது. அந்தப் பணி தொடக்க நிலையில்தான் இருக்கிறது என்றும், கருவியைச் சந்தைக்குக் கொண்டுவராமலே சோனி விட்டுவிடவும் கூடும் என்றும் அதே செய்தி எச்சரித்திருந்தது. 2025 அக்டோபரில் பிளேஸ்டேஷனின் வடிவமைப்பாளர் மார்க் செர்னியும் ஏஎம்டியின் ஜாக் ஹுயினும் ஒரு காணொளியில் தோன்றி, இரு நிறுவனங்களும் சேர்ந்து உருவாக்கிவரும் கிராபிக்ஸ் தொழில்நுட்பங்களை விளக்கினர். அவை இப்போதைக்குக் கணினி உருவகப்படுத்தலில் மட்டுமே இருக்கின்றன என்றும், சில ஆண்டுகளுக்குப் பின் வரும் ஒரு கன்சோலில் அவற்றைப் பயன்படுத்த விரும்புவதாகவும் செர்னி கூறினார். இவ்விரண்டையும் கூட்டிப் பார்த்து ஏஎம்டி சிப் கொண்ட கையடக்க கன்சோல் வரும் என்று ஊகிக்க எவருக்கும் உரிமை உண்டு. அந்த ஊகம் கைமாறிக் கைமாறி நம்மை வந்தடையும்போது, முதலில் எழுதியவர் சேர்த்திருந்த எச்சரிக்கைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்துவிடுகின்றன என்பதே என் குறை.

இப்படி நடப்பது புதிதன்று. ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனத்தின் டிஎஸ் என்ற கையடக்கக் கருவிக்கு அடுத்து வரவிருந்த கன்சோலில் என்விடியாவின் டெக்ரா சிப் இடம்பெறும் என்ற பேச்சு 2009ஆம் ஆண்டிலேயே பரவிவிட்டது. டெக்ரா அப்போதுதான் வெளிவந்திருந்த சிப். என்விடியாவோ கிராபிக்ஸ் துறையின் பெரும்புள்ளி. எனவே கேட்டவர்கள் அனைவருக்கும் அது பொருத்தமாகவே பட்டது. 2010 ஜூன் மாதம் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த இ3 கேம் கண்காட்சியில் அந்த அடுத்த கன்சோலான 3டிஎஸ் காட்டப்பட்டு, ஓரிரு வாரங்களுக்குள் உண்மை தெரியவந்தது. அதன் கிராபிக்ஸ் பகுதியை வழங்கியது டோக்கியோவைச் சேர்ந்த டிஜிட்டல் மீடியா புரொஃபெஷனல்ஸ் என்ற சிறிய நிறுவனம். பிகா200 என்ற அதன் வடிவமைப்பைப் பற்றித் துறைக்கு வெளியே கேள்விப்பட்டிருந்தவர்கள் மிகச் சிலரே. நிழல், ஒளிச்சிதறல் போன்ற காட்சி விளைவுகளை நிரல் எழுதி உருவாக்குவதற்குப் பதிலாகச் சிப்பிலேயே நிலையான சுற்றுகளாகப் பதித்து மின்சாரத்தை மிச்சப்படுத்தும் வழியை அந்நிறுவனம் பின்பற்றியது. பேட்டரியில் இயங்கும் ஒரு கருவிக்கு இதைவிடப் பெரிய தகுதி என்ன வேண்டும்? ஆயினும் அந்தப் பெயர் எந்த வதந்தியிலும் முன்னுக்கு வரவில்லை. பிரபலமான பெயர்களையே வதந்தி நாடும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

அதற்கு நேர்மாறாக, வதந்தி சரியாக அமைந்த நிகழ்வும் உண்டு. 2016 ஜூலையில் கேம் செய்தித் தளமான யூரோகேமர், நிண்டெண்டோவின் அடுத்த கருவி என்விடியாவின் டெக்ராவால் இயங்கும் கையடக்க கன்சோலாக இருக்கும் என்றும், அதன் கட்டுப்பாட்டுப் பகுதிகளைக் கழற்றி மாட்டலாம் என்றும் எழுதியது. அதுவரை ஏஎம்டியின் பெயரே பரவலாக அடிபட்டுக்கொண்டிருந்தது. யூரோகேமர் எழுதியது அப்படியே பலித்தது. அவ்வாண்டு அக்டோபர் 20 அன்று ஸ்விட்ச் என்ற பெயரில் அக்கருவி அறிவிக்கப்பட்ட அதே நாளில் என்விடியாவும் அதை உறுதிசெய்தது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. உலகின் மிக உயர்ந்த செயல்திறன் கொண்ட தன் ஜீஃபோர்ஸ் கிராபிக்ஸ் அட்டைகளின் கட்டமைப்பையே இந்தச் சிப்பும் கொண்டிருக்கிறது என்று என்விடியா தன் அறிவிப்பில் பெருமை பேசிக்கொண்டது. அன்றைய தேதியில் மிக உயர்ந்த ஜீஃபோர்ஸ் அட்டைகள் பாஸ்கல் தலைமுறையைச் சேர்ந்தவை என்பதால், ஸ்விட்ச்சிலும் பாஸ்கல்தான் என்று பலர் முடிவுகட்டிவிட்டார்கள். 2017 மார்ச் 3 அன்று கருவி விற்பனைக்கு வந்து, வாங்கியவர்கள் அதைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே இருந்தது, முந்தைய மேக்ஸ்வெல் தலைமுறையைச் சேர்ந்த டெக்ரா எக்ஸ்1 சிப். நிறுவனமே வெளியிட்ட ஒரு வாக்கியமும் வதந்திக்கு எண்ணெய் ஊற்றக்கூடும் என்பதைச் செய்தியாளர்கள் இதிலிருந்து கவனிக்க வேண்டும்.

மூன்றாவது வகை, செய்தி உண்மையாயிருந்தும் காலம் பிசகிப்போவது. வாசகர்களுக்கு உண்மையில் பணச் சேதத்தை உண்டாக்குவது இதுதான். என்விடியாவின் புதிய சிப்பும், சாம்சங்கின் 7 அங்குல ஓஎல்இடி திரையும், செயற்கை நுண்ணறிவால் படத்தின் தெளிவைக் கூட்டும் டிஎல்எஸ்எஸ் வசதியும் கொண்ட மேம்பட்ட ஸ்விட்ச் வரவிருப்பதாக 2021 மார்ச்சில் செய்திகள் வந்தன. ஜூலை 6 அன்று நிண்டெண்டோ ஓஎல்இடி திரை கொண்ட மாதிரியை அறிவித்தது; ஆனால் சிப்பில் எந்த மாற்றமும் இல்லை. புதிய சிப்பும் டிஎல்எஸ்எஸ் வசதியும் ஒரு கருவியாகக் கடைக்கு வந்தது 2025 ஜூன் 5 அன்று, ஸ்விட்ச் 2 வெளியானபோதுதான். இடையே நான்கு ஆண்டுகள்! நிண்டெண்டோ தன் கருவிகளை இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை; சென்னை ரிச்சி தெருவிலோ இணையக் கடைகளிலோ இறக்குமதியாகி வருவதைக் கூடுதல் விலை கொடுத்துத்தான் இங்கே பலரும் வாங்குகிறார்கள். புதியது வரப்போகிறது என்று நாளிதழே எழுதிவிட்டால், ஒரு நடுத்தரக் குடும்பம் பிள்ளைக்கு வாங்கித் தருவதை ஒத்திப்போடும். அல்லது கையிலிருப்பதைக் கிடைத்த விலைக்கு விற்றுவிடும்.

இத்தகைய வதந்திகள் வெறும் கற்பனையிலிருந்து பிறப்பவை அல்ல என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஒரு கன்சோலுக்கான சிப்பை வடிவமைக்கப் பல ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் காலத்தில் சிப் நிறுவனம், அதை அச்சிடும் தொழிற்சாலை, விளையாட்டுகளை உருவாக்கும் நிறுவனங்கள் எனப் பல இடங்களில் பலருக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது. பங்குச்சந்தையில் இருக்கும் நிறுவனங்கள் காலாண்டுக்கு ஒருமுறை முதலீட்டாளர்களிடம் பேசியாக வேண்டும். வாடிக்கையாளரின் பெயரைச் சொல்லாமல், புதிய ஒப்பந்தம் கிடைத்திருக்கிறது என்று மட்டும் ஓர் அதிகாரி அங்கே குறிப்பிட்டால், மறுநாளே அந்தப் பெயர் எதுவாக இருக்கும் என்ற ஆரூடம் தொடங்கிவிடுகிறது. சில சமயம் குற்றத்தின் வழியாகவும் உண்மை வெளிவருகிறது. 2022 தொடக்கத்தில் என்விடியாவின் கணினிகளுக்குள் புகுந்து திருடப்பட்ட நிரல்களில், ஸ்விட்ச்சின் அடுத்த தலைமுறைக்கான தடயங்கள் கிடைத்தன. அவை பின்னர் சரியென்றே தெரிந்தது. (திருட்டுப் பொருளை ஆதாரமாக வைத்து எழுதலாமா என்பது தனியே விவாதிக்கத்தக்க கேள்வி.)

மறுபுறம், நடந்துகொண்டிருக்கும் பேச்சுவார்த்தை சில சமயம் வெளியே தெரியாமலும் போய்விடுகிறது. பிளேஸ்டேஷன் 6 சிப்புக்கான ஒப்பந்தத்தைப் பெற இன்டெல் முயன்றதாகவும், 2022இல் ஏஎம்டியிடம் அதை இழந்ததாகவும் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட செய்தி நமக்குக் கிடைத்தது 2024 செப்டம்பரில். அந்தச் சித்திரிப்பை ஏற்கவில்லை என்று இன்டெல் மறுத்தது. இரண்டு ஆண்டுகள் இவ்வளவு பெரிய விவகாரம் மூடியே இருந்திருக்கிறது என்றால், இன்று வெளியே உலவுவது முழு உண்மை என்று எப்படி எடுத்துக்கொள்வது?

அந்த ராய்ட்டர்ஸ் செய்தியில் ஒரு விவரம் இருந்தது. என் பார்வையில் எந்த வதந்தியைவிடவும் வாசகருக்குப் பயன்படக்கூடியது அதுவே. பழைய பிளேஸ்டேஷன் விளையாட்டுகள் புதிய கருவியிலும் இயங்க வேண்டும் என்பது அந்தப் பேச்சுவார்த்தையில் ஒரு முக்கியப் பொருளாக இருந்திருக்கிறது. சிப் நிறுவனத்தை மாற்றினால் பழைய விளையாட்டுகளை இயக்குவது கடினமாகவும் செலவு மிக்கதாகவும் ஆகிவிடும். இந்தக் கோணத்தில் பார்த்தால் மேலே சொன்ன வரலாறு முழுவதும் ஓரளவு விளங்கும். கேம்கியூப் முதல் வீ யூ வரை நிண்டெண்டோவின் வீட்டு கன்சோல்கள் ஏடிஐ நிறுவனத்தின் கிராபிக்ஸையும், அந்நிறுவனத்தை ஏஎம்டி வாங்கிய பிறகு ஏஎம்டியின் கிராபிக்ஸையும் கொண்டிருந்தன. ஸ்விட்ச்சுக்காக என்விடியாவிடம் சென்றபோது, வீ யூ விளையாட்டுகளைப் புதிய கருவியில் இயக்கும் வசதியை நிண்டெண்டோ கைவிட்டது. ஸ்விட்ச் 14 கோடிக்கும் மேல் விற்றுவிட்ட பிறகு அப்படிக் கைவிட அதனால் முடியாது. 2024 நவம்பரிலேயே, புதிய கருவியின் பெயரைக்கூட அறிவிக்கும் முன்பே, பழைய ஸ்விட்ச் விளையாட்டுகள் அதில் இயங்கும் என்று நிறுவனத் தலைவர் ஃபுருகாவா வாக்களித்தார். அப்போதே, அடுத்த சிப்பும் என்விடியாவுடையதாகத்தான் இருக்கும் என்று கசிவு எதுவும் தேவைப்படாமலே ஒருவர் கணித்திருக்கலாம். சோனியின் கையடக்கக் கருவி ஏஎம்டியிடம் செல்லும் என்று நான் நினைப்பதற்கும் இதுவே காரணம்: பிளேஸ்டேஷன் 4, பிளேஸ்டேஷன் 5 இரண்டும் ஏஎம்டி சிப்பில் இயங்குபவை. தங்கள் செய்தி இந்தக் காரணத்தை எடுத்துச் சொல்லி, இது கணிப்பு என்று குறிப்பிட்டிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன்.

அதே செய்தியில் அச்சிடப்பட்டிருந்த வேக எண்களைப் பற்றியும் ஒரு சொல். கையடக்கக் கருவியில் சிப்பின் உச்ச வேகம் பெரும்பாலும் வாசகருக்குக் கிடைக்கும் வேகம் அன்று. முதல் ஸ்விட்ச்சின் கிராபிக்ஸ் பகுதி, தொலைக்காட்சியுடன் இணைத்த நிலையில் 768 மெகாஹெர்ட்ஸில் இயங்கக்கூடியது. கையில் வைத்து விளையாடும்போது 307 மெகாஹெர்ட்ஸ் வரை குறைக்கப்பட்டது. ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவியின் ஏஎம்டி சிப் 4 முதல் 15 வாட் மின்சாரத்துக்குள் அடங்கிக்கொள்கிறது. எந்த நிலையில் அளந்தது என்று சொல்லாத எண், விளம்பரத்துக்குத்தான் உதவும். அதோடு, சிப்பின் வலிமை விற்பனையைத் தீர்மானிப்பதும் இல்லை. எவரும் எதிர்பாராத நிறுவனத்தின் சிப்பைக் கொண்ட 3டிஎஸ், தொடக்கத்தில் தடுமாறி 25,000 யென்னிலிருந்து 15,000 யென்னுக்கு விலை குறைக்கப்பட்டாலும், 7.5 கோடிக்கும் மேல் விற்றது. அதே காலத்தில் இமேஜினேஷன் நிறுவனத்தின் நான்கு கருக்கள் (கோர்) கொண்ட பவர்விஆர் சிப்புடன் வந்த சோனியின் கையடக்கக் கருவியான வீட்டா, வலிமையில் எவ்வளவோ மேலானதாக இருந்தும், விற்பனையில் அதன் அருகில்கூட வரவில்லை.

பங்கு முதலீட்டாளர்களை நினைத்தும் எச்சரிக்கை தேவைப்படுகிறது. என்விடியா, ஏஎம்டி பங்குகளை இன்று இந்தியாவிலிருந்தே செயலிகள் மூலம் வாங்க முடிகிறது. நம் ஊர்களிலும் பலர் வாங்குகிறார்கள். கூட்டணிச் செய்தி அவர்களுக்குப் பொழுதுபோக்குச் செய்தி அன்று. மேலே சொன்ன இமேஜினேஷன் நிறுவனத்தின் கிராபிக்ஸ் வடிவமைப்பை இனிப் பயன்படுத்தப் போவதில்லை என்று ஆப்பிள் முடிவெடுத்த விவரம் 2017 ஏப்ரலில் வெளியானபோது, ஒரே நாளில் அதன் பங்கு மதிப்பில் பாதிக்கும் மேல் கரைந்தது. ஒரு வாடிக்கையாளரின் வருகையும் விலகலும் இவ்வளவு பாரமானவை என்னும்போது, உறுதியாகாத ஒப்பந்தத்தை உறுதி என்று எழுதுவது எத்தனை பேரின் சேமிப்பைத் தொடக்கூடும் என்பதைத் தாங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வதந்திகளை அச்சிடவே கூடாது என்று கேட்கும் அளவுக்கு நான் கண்டிப்பானவன் அல்லன். அவற்றைப் படிப்பதில் எனக்கும் விருப்பம் உண்டு. இனி இத்தகைய செய்தியை வெளியிடும்போது, அதை முதலில் எழுதியது எந்த ஊடகம், எந்தத் தேதியில், தொடர்புடைய நிறுவனங்கள் என்ன பதில் அளித்தன அல்லது அளிக்க மறுத்தன என்பவற்றை இரண்டு வரிகளில் சேர்த்தால் போதும். அச்சில் வந்துவிட்டதைத் திரும்பப் பெற இயலாது. இணையப் பதிப்பிலாவது அச்செய்தியின் தலைப்பைத் திருத்தி, சோனியும் ஏஎம்டியும் இப்படியொரு கையடக்க கன்சோலை இன்னும் அறிவிக்கவில்லை என்ற குறிப்பைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
சேலம்.