கடலோரக் கல்லூரிகளுக்கு ஒரு கால்பந்து லீக் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லூரிகளுக்கு இடையேயான கால்பந்துப் போட்டி முடிந்ததும் மாவட்டப் பக்கத்தில் மூன்று வரிச் செய்தி வருகிறது. கோப்பை யாருக்கு என்பது அதில் இருக்கும். எந்த அணி எவ்வளவு பலம், எந்த அணி வளர்ந்து வருகிறது, நம் கடலோரக் கல்லூரிகள் எங்கே நிற்கின்றன என்பதை அந்த முடிவை வைத்துச் சொல்லவே முடியாது. போட்டி நடத்தும் முறைதான் காரணம். ராமேஸ்வரத்திலிருந்து தொண்டி வரைக்கும், இந்தப் பக்கம் கீழக்கரை, சாயல்குடி வரைக்கும் உள்ள கல்லூரிகள் பல்கலைக்கழகப் போட்டிக்கு முன்பே, எல்லோரும் எல்லோரோடும் மோதும் ஒரு லீக்கைத் தங்களுக்குள் ஆட வேண்டும். அந்தப் புள்ளிப் பட்டியலை வைத்துப் பல்கலைக்கழகப் போட்டிக்கு டிரா (யாரோடு யார் மோதுவது என்ற அட்டவணை) போட வேண்டும் என்று கேட்கவே இக்கடிதம்.

தோற்றால் வெளியேறும் நாக் அவுட் முறையில் 16 அணிகள் வந்தால் மொத்தம் 15 ஆட்டம். அதில் 8 அணிகள் ஒரே ஆட்டத்தோடு ஊர் திரும்புகின்றன. 11 அணிகள் வந்தால் இன்னும் மோசம்: 5 அணிகளுக்கு முதல் சுற்றில் பை, அதாவது ஆடாமலேயே அடுத்த சுற்றுக்குப் போகும் வாய்ப்பு, கிடைக்கும். பை கிடைத்த அணி கால் சோர்வில்லாமல் இறங்கும். எதிரே நிற்பவர்கள் காலையில்தான் ஒரு ஆட்டம் முடித்திருப்பார்கள். ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து அழகப்பா பல்கலைக்கழகம் உள்ள காரைக்குடிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். விடியுமுன் வேன் ஏறிப் போய், வெயில் ஏறிய பிறகு மைதானத்தில் இறங்கி, 1-0 என்று தோற்றுத் திரும்பும் அணி பலவீனமானது என்று எப்படிச் சொல்வது? கடைசி நான்கு அணிகளுக்கு மட்டும் லீக் வைக்கும் வழக்கமும் உண்டு. அது கடைசி நான்குக்கு வந்தவர்களுக்குத்தான் பயன்.

போன ஆண்டு முடிவை வைத்து டிரா போடுவதிலும் சிக்கல் இருக்கிறது. இளநிலைப் பட்டம் 3 ஆண்டு. ஒவ்வொரு ஏப்ரலிலும் அணியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெளியேறிவிடுகிறது. போகிறவர்கள் பெரும்பாலும் கோல்கீப்பரான கோலியும் நடுக்களத்தை நடத்தும் பையனுமாக இருப்பார்கள். சென்ற ஆண்டு இறுதி ஆட்டம் ஆடிய அணி இந்த ஆண்டு சாதாரண அணியாக வரலாம். அதே ஆண்டில் ஆடிய ஆட்டங்கள் மட்டுமே நம்பத்தக்க அளவுகோல்.

இது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய ஏற்பாடும் இல்லை. அமெரிக்காவின் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ-வில் 1973-இல் உருவான மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளில் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. பெரும்பாலும் சிறிய கல்லூரிகள். அவர்கள் நீள்வட்டப் பந்தை வைத்து ஆடும் ஃபுட்பாலிலும் சரி, நாம் ஆடும் கால்பந்திலும் சரி, அருகருகே உள்ள கல்லூரிகள் ஒரு குழுவாகச் சேர்ந்து பருவம் முழுவதும் தங்களுக்குள் மோதுகின்றன. குழுவில் முதலிடம் பெறும் கல்லூரிக்குத் தேசியப் போட்டியில் நேரடி இடம் கிடைக்கிறது. வசதி குறைந்த கல்லூரி பெரிய கல்லூரியோடு ஒரே நாளில் மோதி அழிவதற்குப் பதில், தன்னை ஒத்தவர்களோடு பல வாரம் ஆடித் தேறுகிறது. நமக்குத் தேவை இதுதான்.

இனி நம் அணிகளின் பலம், பலவீனம். கடலோரத்துப் பையன்கள் மணலில் ஓடி வளர்ந்தவர்கள். கெண்டைக்கால் பலமும் மூச்சும் அவர்களுக்கு உண்டு. நெருக்கடியான இடத்தில் பந்தைக் காலோடு ஒட்டி எடுத்துச் செல்வதில் நகரத்து அணிகளை விடக் கெட்டிக்காரர்கள். ஆனால் ஊர்ப் போட்டிகள் பெரும்பாலும் எழுவர் ஆட்டம். சின்ன மைதானம், சின்ன கோல், பல இடங்களில் ஆஃப்சைடு (எதிரணியின் பின்வரிசையைத் தாண்டி நின்று பந்து வாங்கும் தவறு) பார்ப்பதே இல்லை. அந்தப் பழக்கத்தோடு பதினொருவர் ஆட்டத்துக்கு வரும்போது மூன்று இடங்களில் அடி விழுகிறது.

முதலாவது பின்வரிசை. ஆஃப்சைடு பார்த்துப் பழகாததால் நால்வரில் ஒருவர் மட்டும் ஐந்தடி பின்னால் நின்றுவிடுவார். எதிரணி முன்கள வீரர் அவரை ஒட்டி நின்றே பந்தை வாங்கிவிடுவார். ஓரத்தில் நிற்கும் கோடி பேக் பெரும்பாலும் இந்தத் தவறைச் செய்கிறார். அவர் பார்வை பந்தின் மேல் இருக்கிறது, பின்வரிசையின் நடுவில் ஆடும் ஸ்டாப்பர் எங்கே நிற்கிறார் என்று பார்ப்பதில்லை. வாரம் இரண்டு நாள், 20 நிமிடம், கோலி குரல் கொடுக்க நால்வரும் ஒரே கோட்டில் ஏறி இறங்கும் பயிற்சி போதும், இது சரியாகும். இரண்டாவது கோலி. 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரமுள்ள கோலில், சின்ன கோலில் நின்றதைப் போலக் கோட்டிலேயே நின்றால் இரு பக்கமும் திறந்து கிடக்கும். பந்து வரும் கோணத்தைப் பார்த்து முன்னே வர வேண்டும். கார்னர் பந்துக்கு வெளியே வந்து கையால் குத்தப் பழக வேண்டும். மூன்றாவது தலையால் பந்தை முட்டுவது. எழுவர் ஆட்டத்தில் பந்து தரையோடு போகும். பதினொருவர் ஆட்டத்தில் கார்னரிலும் ஃப்ரீ கிக்கிலும் விழும் கோல்களே சமமான இரு அணிகளைப் பிரிக்கின்றன.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய பலவீனம் ஆள் பற்றாக்குறை. பட்டியலில் 18 பேர் இருப்பார்கள்; அரியர் தேர்வு, பகுதிநேர வேலை, அப்பாவோடு கடலுக்குப் போவது என்று கழித்தால் களத்துக்கு வருவது 12 பேர். விதிப்படி ஓர் அணிக்கு 7 பேர் இருந்தால் ஆட்டம் தொடங்கலாம். ஆனால் 70-ஆவது நிமிடத்துக்கு மேல் மாற்று ஆள் இல்லாத அணியின் நடுக்களம் நின்றுவிடும். விடுதியும் விளையாட்டு ஒதுக்கீடும் உள்ள பெரிய கல்லூரிகள் அந்தக் கடைசி 20 நிமிடத்தில்தான் நம் அணிகளைத் தோற்கடிக்கின்றன. உள்ளூர்ப் போட்டிகளில் பாதிக்கு 25 நிமிடம் என்று சுருக்கிவிடுவதால் இந்தக் குறை வெளியே தெரிவதில்லை. தென்மண்டலப் பல்கலைக்கழகப் போட்டிக்குத் தேர்வாகிப் போகும் மாணவன் அங்கே 90 நிமிடம் ஓட வேண்டியிருக்கிறது. ஆகவே லீக் ஆட்டம் 45 நிமிடமாக இரண்டு பாதி, 5 மாற்று வீரர்கள் என்று முழு விதிப்படியே நடக்க வேண்டும்.

காற்றைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று வடக்கு தெற்காக அமைந்த மைதானத்தைக் குறுக்கே சாய்வாக அடிக்கும். காலையில் மெதுவாகத் தொடங்கி வெயில் ஏற ஏற வலுக்கும். பொழுது சாயும்போது தணியும். எனவே காலை 7 மணி ஆட்டத்தில் டாஸ் வென்றவர், இரண்டாவது பாதியில் காற்று தன் பக்கம் இருக்கும்படி கோலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாலை ஆட்டத்தில் முதல் பாதியிலேயே காற்றை வாங்கிக்கொள்ள வேண்டும். காற்றை எதிர்த்துக் கோலி ஓங்கி உதைக்கும் கோல் கிக், நடுக்கோட்டைத் தாண்டாமல் எதிரணியின் காலில் விழுகிறது. நம் பக்கத்தில் வாங்கும் கோல்களில் கணிசமானவை இப்படித்தான். 2019 விதி மாற்றத்துக்குப் பிறகு கோல் கிக்கில் பந்து பெனால்டி பகுதியை விட்டு வெளியே வர வேண்டியதில்லை. உதைத்து அசைந்தவுடன் ஆட்டத்தில் இருக்கிறது. பகுதிக்குள்ளேயே நிற்கும் ஸ்டாப்பருக்குச் சின்னதாகத் தள்ளி, அங்கிருந்து தரையோடு எடுத்துப் போகலாம். இன்னும் பல அணிகள் பழைய விதியை நினைத்தே ஆடுகின்றன.

லீக் நடத்துவது கஷ்டமில்லை. 6 கல்லூரிகள் சேர்ந்தால் 15 ஆட்டம், வாரம் 3 ஆட்டமாக 5 வாரம். முதல் வாரம் 1-6, 2-5, 3-4. இரண்டாம் வாரம் 6-4, 5-3, 1-2. மூன்றாம் வாரம் 2-6, 3-1, 4-5. நான்காம் வாரம் 6-5, 1-4, 2-3. ஐந்தாம் வாரம் 3-6, 4-2, 5-1. எந்தக் கல்லூரிக்கு எந்த எண் என்று குலுக்கிப் போட்டால் யாருக்கும் பேச்சில்லை. ஒரு கல்லூரி விலகி 5 ஆனாலும் இதே அட்டவணை பொருந்தும். விலகிய எண்ணோடு மோத வேண்டிய அணிக்கு அந்த வாரம் ஓய்வு.

காலம் ஜூலை மூன்றாம் வாரம் முதல் ஆகஸ்ட் முடிய. அக்டோபரில் மழை தொடங்கினால் டிசம்பர் வரை நம் மைதானங்களில் தண்ணீர் நிற்கும். ஜனவரி, பிப்ரவரி பனிக்காலம் ஆட்டத்துக்கு அருமைதான். ஆனால் அதற்குள் பல்கலைக்கழகப் போட்டி முடிந்துவிடும், தவிர இப்போதைய ஆண்டுகளில் ரமலான் நோன்பும் பிப்ரவரியிலேயே தொடங்குகிறது. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி மாணவர்களை விட்டுவிட்டு இங்கே என்ன கால்பந்து? நாள் ஞாயிற்றுக்கிழமை. காலை 7, மாலை 3, மாலை 5 என மூன்று ஆட்டம். தங்கச்சிமடம், பாம்பன் பக்கத்து மாணவர்களுக்குக் காலைப் பூசை உண்டு. அவர்கள் அதிகம் உள்ள அணிக்கு மாலை ஆட்டம் ஒதுக்க வேண்டும். ஆடி அமாவாசையை ஒட்டிய வாரத்தில் ராமேஸ்வரம் சாலையில் வண்டி நகராது. அந்த வாரம் தீவுக்குள் ஆட்டம் வைக்கக் கூடாது. இதற்கெல்லாம் ஒரு ஞாயிறு உபரியாக இருக்கட்டும். நடுவிலுள்ள இடம் என்று பார்த்தால் ராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கம் எல்லோருக்கும் ஒத்துவரும். இரண்டு வாரமாவது கடலோரக் கல்லூரி மைதானங்களில் நடந்தால் உள்ளூரில் பார்க்க ஆள் வரும்.

மைதானத்தில் முதல் வேலை சீமைக்கருவேல முள் பொறுக்குவது. ஆட்டத்துக்கு முந்தின நாள் மாலை பத்துப் பேர் வரிசையாகக் கை கோத்து நடந்து பொறுக்கினால்தான் முடியும். கோலுக்குப் பின்னாலும் பக்கக் கோட்டுக்கு வெளியே மூன்று மீட்டருக்கும் சேர்த்து. பந்து பஞ்சராவது பெரும்பாலும் கோட்டுக்கு வெளியேதான். கோடு 12 சென்டிமீட்டர் அகலத்துக்கு மேல் போகக் கூடாது, சுட்ட சுண்ணாம்பை நீறாமல் தூவவே கூடாது. கண்ணில் பட்டால் புண்ணாகும். ஐந்தாம் எண் பந்து மூன்று வேண்டும். விதி 8.5 முதல் 15.6 பிஎஸ்ஐ வரை காற்றழுத்தத்தை அனுமதிக்கிறது. நம் கட்டாந்தரையில் 9-ஐத் தாண்டினாலே பந்து முழங்கால் உயரத்துக்கு எகிறி முதல் தொடுதலைக் கெடுக்கும்; பம்ப்போடு அளவுமானியும் வேண்டும், கையால் அமுக்கிப் பார்ப்பது கணக்காகாது. ஒவ்வொரு பாதியிலும் ஒரு முறை தண்ணீர் இடைவேளை நடுவரிடம் முன்பே பேசி வைக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்புக் காற்றில் வியர்வை காயாது, பையன்களுக்குத் தாகம் தெரிவதற்குள் தொடை பிடித்துக்கொள்ளும்.

வெற்றிக்கு 3, சமனுக்கு 1. புள்ளி சமமானால் கோல் வித்தியாசத்தை முதலில் எடுக்க வேண்டாம். 9 பேரோடு வந்த அணியை 8-0 என்று அடித்தவர் அதனாலேயே மேலே போய்விடுவார். 5 ஆட்டத்தில் அந்த ஒன்று எல்லாவற்றையும் புரட்டிவிடும். நேருக்கு நேர் முடிவு முதலில், பிறகு கோல் வித்தியாசம். வராத அணிக்கு 3-0 தோல்வி. வெளி ஆள் இறக்கும் தகராறு வராமலிருக்க, முதல் ஆட்டத்துக்கு முன்பே 20 பேர் பட்டியல் புகைப்படத்தோடும் முதல்வர் கையெழுத்தோடும் கொடுக்கப்பட வேண்டும். அதன்பின் புதுப் பெயர் சேர்க்கக் கூடாது. நடுவர், இரு துணை நடுவர், நான்காம் நடுவர் நால்வருமே மோதும் கல்லூரிகளைச் சேராதவர்களாக இருக்க வேண்டும்.

ஒரே ஊரில் இருக்கும் கலைக் கல்லூரி அழகப்பா பல்கலைக்கழகத்தின் கீழும், பொறியியல் கல்லூரி அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழும் இருப்பதால், பக்கத்துப் பக்கத்து மாணவர்கள் கல்லூரிப் போட்டியில் சந்திப்பதே இல்லை. லீக்கில் இரண்டையும் சேர்க்கலாம். டிராவுக்கு வேண்டிய பட்டியலை எடுக்கும்போது அந்தந்தப் பல்கலைக்கழகக் கல்லூரிகள் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களை மட்டும் கூட்டிக்கொண்டால் போதும்.

பெண்கள் அணி வைத்துள்ள கல்லூரிகள் குறைவு. 4 அணிகள் கிடைத்தால் 6 ஆட்டம். அதையே இருமுறை ஆடினால் 12. ஆண்கள் ஆட்டம் நடக்கும் அதே ஞாயிறுகளில் வேறு மைதானத்தில் வைக்காமல், மாலை 3 மணி ஆட்டத்தை அவர்களுக்குக் கொடுத்து, ஆண்கள் ஆட்டம் ஒன்றைச் சனிக்கிழமை மாலைக்கு நகர்த்தலாம். நடுவர், வலை, கொடி எல்லாம் ஒரே செலவில் முடியும்.

கல்லூரி திறந்த முதல் இரண்டு வாரத்துக்குள் உடற்கல்வி இயக்குநர்கள் கூடி எண் குலுக்கிவிட்டால், பல்கலைக்கழக டிராவுக்கு முன் முழுப் பட்டியல் கையில் இருக்கும். அந்தப் பட்டியலில் முதல் இரண்டு இடம் பெறும் கல்லூரிகளை டிராவின் எதிரெதிர்ப் பாதிகளில் வைப்பதற்குப் பல்கலைக்கழக உடற்கல்வித் துறை ஒப்புக்கொள்ள வேண்டும். வாரந்தோறும் திங்கட்கிழமை மாவட்டப் பக்கத்தில் அந்தப் புள்ளிப் பட்டியலை வெளியிட்டு நீங்களும் உதவ வேண்டும்.

இப்படிக்கு,
கால்பந்துப் பயிற்சியாளர்கள் சிலர்,
ராமநாதபுரம் மாவட்டம்