செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வராத உறுப்பினர்களுக்குப் பதிலாக வந்திருக்கும் அவர்கள் வீட்டாரே, அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் ஒன்றுகூடல் சமூக மன்றத்தில் நடந்தது. ஏப்ரலில் தமிழ்மொழி விழாவையொட்டி மாணவர் பேச்சுப்போட்டி நடந்தது. தீபாவளி விருந்தும் நடந்தது. விருந்துக்கு மட்டும் நாற்காலி போதவில்லை. செயற்குழு ஆறு முறை கூடியது.

இனி, ‘மேலைநாட்டார் பார்வையில் நம் தத்துவம்’ என்ற வாசிப்பு வரிசை. இது செயலாளரின் சொந்த ஆசைக்கு நடத்தியது என்று ஒரு பேச்சு அடிபடுகிறது. ஆசைதான், மறுக்கவில்லை. ஆனால் போன ஆண்டுக் கூட்டத்தில் 34 பேர் கைதூக்கினார்கள். முதல் அமர்வுக்கு 22 பேர் வந்தார்கள். ஆறாவது அமர்வில், நாற்காலி எடுத்துப் போட்ட என்னையும் சேர்த்து ஐந்து பேர்.

ஆரம்பத்தில் இரண்டு கட்சி இருந்தது. வெள்ளைக்காரன் வந்துதான் நம் அருமையை நமக்கே காட்டினான் என்பது ஒன்று. அவன் எழுதியது அத்தனையும் சதி என்பது இன்னொன்று. இரண்டு கட்சியிலும் அந்த நூல்களைப் பிரித்துப் பார்த்தவர் இல்லை. அதனால்தான் சரி, பிரித்துப் பார்ப்போம் என்றேன்.

ஜெர்மனியில் பிறந்த அறிஞர் மாக்ஸ் முல்லர் இந்தியாவில் கால் வைக்காமலே ரிக் வேதத்தைப் பதிப்பித்தவர். அவர் தொடங்கிய ‘கிழக்கின் புனித நூல்கள்’ வரிசை 1879 முதல் 1910 வரை 50 தொகுதிகளாக வந்தது. பட்டியலை வரி வரியாகத் தேடினோம், ஒரு தமிழ் நூல்கூட இல்லை. ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜருக்கு இடம் கிடைத்திருக்கிறது, சமஸ்கிருதத்தில் எழுதியதால். வேதாந்தம்தான் இந்துத் தத்துவம், உலகம் வெறும் தோற்றம் என்பதுதான் அதன் சாரம் என்று அங்கே பலர் எடுத்துக்கொண்டதற்கு இந்தத் தேர்வும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

பாதிரியார் ஜி.யு. போப் 1886இல் குறளை மொழிபெயர்த்தபோது, வள்ளுவர் மயிலாப்பூரில் கிறித்தவப் போதனையைக் கேட்டிருப்பார் என்று எழுதினார். அது வெறும் ஊகம். அதே மனிதர் 1900இல், 80 வயதில், திருவாசகம் முழுவதையும் ஆங்கிலத்தில் கொடுத்தார். இவரை எந்தக் கட்சியில் சேர்ப்பது? இத்தாலியப் பாதிரியாரான வீரமாமுனிவர் 1730இல் குறளை லத்தீனில் தந்தபோது காமத்துப்பாலை விட்டுவிட்டார் என்றதும் சதிக் கட்சி குதித்தது. “நம்ம பள்ளிக்கூடத்துல மட்டும் நடத்துனாங்களாக்கும்?” என்று ஓர் அக்கா கேட்டார். அதோடு சரி.

வராதவர்கள் இழந்தது ஐந்தாவது அமர்வை. யாழ்ப்பாணத்தில் இருந்த ஹோய்சிங்டன் என்ற அமெரிக்கப் பாதிரியார், சைவ சித்தாந்தத்தின் அடிப்படை நூலான சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1854இலேயே வந்துவிட்டது. நம்மவர் ஜே.எம். நல்லசுவாமி பிள்ளையின் மொழிபெயர்ப்பு 1895இல்தான் வந்தது. அன்றைக்குப் பேச்சு மாயையில் வந்து நின்றது. மாயை என்றால் ‘இல்யூஷன்’, வெறும் தோற்றம்தானே என்று எல்லோரும் சொன்னோம், நானும்தான். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயா எழுந்துபோய் விளக்கை அணைத்தார். “இந்த இருட்டு ஆணவம், உயிரை மறைக்கிற அழுக்கு” என்றார். கைப்பேசி டார்ச்சைப் போட்டு மேசைமேல் வைத்தார். “இதுதான் மாயை. விடியிற வரைக்கும் விளக்கு மாதிரின்னு திருவருட்பயன்ல உமாபதி சிவம் சொல்றாரு. உடம்பு, மனசு, உலகம் எல்லாம் இதுல செஞ்சது. பொய்ன்னா எப்படி வெளிச்சம் தரும்?” கொஞ்ச நேரம் யாரும் விளக்கைப் போடவில்லை. வெள்ளைக்காரன் தப்பாகப் புரிந்துகொண்டான் என்று அதுவரை பேசிய நாங்கள், நம் சொல்லுக்கே ஆங்கிலத்தில் அர்த்தம் வைத்திருந்தோம்.

அன்றிரவு, ஓர் அமர்வுக்கும் வராத உறுப்பினர் ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் மேலைநாட்டுச் சூழ்ச்சி பற்றி 14 செய்தி அனுப்பினார். அத்தனையும் ஆங்கிலத்தில். அவர் சந்தாவும் வரவில்லை.

சந்தா என்றதும் நினைவுக்கு வருகிறது. ஆண்டுக்கு 30 சிங்கப்பூர் வெள்ளி, தேக்கா வட்டாரத்தில் ஒரு மீன்தலைக் கறிக்கு ஆகிற காசு. 19 பேர் பாக்கி. பெயர் சொல்லப் போவதில்லை, பொருளாளரிடம் பட்டியல் இருக்கிறது. வரவும் செலவும் ஏறக்குறைய சரியாக இருக்கின்றன. விவரத்தை அவர் சொல்வார். வாசிப்பு வரிசைக்கான நகல் செலவு என் கைக்காசு. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை, தகவலுக்குச் சொல்கிறேன்.

தலைவருக்கும் துணைத்தலைவருக்கும் அறை தந்த சமூக மன்றத்துக்கும் பலகாரம் கொண்டுவந்தவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு சிவஞானபோதத்தையே நேராக வாசிக்கலாம் என்று ஐயா சொல்கிறார். 12 நூற்பா, மாதம் ஒன்று. நான்கு ஆண்டாகச் செயலாளராக இருக்கிறேன், முழங்காலும் முன்போல் இல்லை. யாராவது பொறுப்பேற்பதாக இருந்தால் அறைச் சாவியை இன்றே கொடுத்துவிடுவேன். அப்படி யாரும் வராவிட்டால், பத்துப் பேராவது பெயர் கொடுத்தால்தான் அறைக்கு முன்பதிவு செய்வேன். தாள் வடைத் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பேனா என்னுடையது, திருப்பித் தரவும்.