கைதுப் பட்டியல் தீர்ப்பு அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க மாப்பிள்ளைகளைப் பற்றி எப்படி விசாரிப்பது என்று தங்கள் இதழில் சென்ற மாதம் வந்த கட்டுரையைப் படித்தேன். பெண்ணைப் பெற்றவர்கள் நாலு இடத்தில் விசாரிக்கத்தான் வேண்டும். நானும் பெண்களைக் கட்டிக்கொடுத்தவள்தான். ஆனால் கட்டுரையின் முடிவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "பையன் வசிக்கும் கவுண்டியின் கைதுப் பட்டியலை இணையத்தில் பாருங்கள்; அவன் பெயர் இருந்தால் அந்தச் சம்பந்தத்தை அதோடு விட்டுவிடுங்கள்."

அந்தப் பக்கத்தைப் படமெடுத்து, அந்த வரியின் கீழே பேனாவால் கோடு போட்டு, ஊரில் இருக்கும் என் தம்பிக்கு உறவுக்காரர் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். தம்பி அதை எனக்கு அனுப்பினான். அன்றிலிருந்து மனசு ஆறவில்லை. டெக்சாஸில் முப்பது வருஷத்துக்கு மேலாக இருக்கிறேன். அந்தப் பட்டியலில் என்ன இருக்கும், என்ன இருக்காது என்பதை வீட்டு அனுபவத்தில் தெரிந்துகொண்டவள் என்பதால் எழுதுகிறேன்.

தங்களுக்குத் தெரியாதது அல்ல. அமெரிக்காவில் நம் மாவட்டங்களைப் போன்ற கவுண்டிகள் 3,000-க்கும் அதிகமாக இருக்கின்றன. டெக்சாஸில் மட்டும் 254. பெரும்பாலானவற்றுக்குத் தனி ஷெரிஃப் (கவுண்டியின் காவல் தலைவர்), தனிச் சிறை, தனி நீதிமன்ற அலுவலகம், தனி இணையதளம். ஒருவரைக் கைது செய்து கவுண்டிச் சிறைக்குக் கொண்டுவந்தால் அவர் பெயர், குற்றச்சாட்டு, ஜாமீன் தொகை ஆகியவை பெரும்பாலும் சில மணி நேரத்திலேயே பட்டியலில் ஏறிவிடும். பல கவுண்டிகளில் படமும் சேர்ந்து வரும். இன்ன தேதியில் இன்னாரை இங்கே கொண்டுவந்தோம், அவர் மீது இன்ன புகார் என்பதற்கு மேல் அந்தப் பதிவு ஒன்றும் சொல்வதில்லை. அவர் அதைச் செய்தாரா இல்லையா என்று சொல்வது ஷெரிஃபின் வேலையும் அல்ல.

வழக்கு என்ன ஆயிற்று என்பது வேறு அலுவலகத்தில் இருக்கிறது. டெக்சாஸில் பெரும்பாலான கவுண்டிகளில் சிறு குற்ற வழக்குகளின் கட்டு கவுண்டி கிளார்க் என்ற பதிவு அதிகாரியிடம் இருக்கும், பெரிய குற்ற வழக்குகளின் கட்டு டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம் இருக்கும். வேகமாக ஓட்டியதற்கு வாங்கிய டிக்கெட் போன்றவை நகர நீதிமன்றத்திலோ சிறு வழக்குகளை விசாரிக்கும் ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ் நீதிமன்றத்திலோ கிடக்கும். வழக்கு தள்ளுபடியானால் அந்தச் செய்தி கிளார்க்கின் கட்டில்தான் ஏறும். கைதுப் பதிவு தானாகத் திருந்தாது. தங்கள் கட்டுரையாளர் முதல் அலுவலகத்தோடு திரும்பிவிட்டார். அங்கே பார்த்ததை வைத்து ஒரு பையனின் வாழ்க்கைக்கே தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

என் தம்பி மகன் இங்கே படிக்க வந்து வேலையில் சேர்ந்தவன். அடுக்குமாடிக் குடியிருப்பில் பக்கத்து வீட்டுக்காரரோடு வண்டி நிறுத்தும் இடத்துக்காக வாய்த்தகராறு. அவர் போலீஸைக் கூப்பிட்டு, இவன் தன்னைத் தள்ளிவிட்டான் என்றார். தாக்குதல் என்று எழுதி அழைத்துப் போய்விட்டார்கள். மறுநாள் ஜாமீனில் வந்தான். சில மாதம் கழித்து, வழக்கை நடத்தப் போதிய ஆதாரம் இல்லை என்று அரசு வழக்கறிஞரே கேட்க, நீதிபதி தள்ளுபடி செய்தார். விஷயம் அவ்வளவுதான். ஆனால் சிறையில் எடுத்த படம் அதற்குள் எங்கெங்கோ போய்விட்டது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றச் சொல்லி எடுத்த படம் அது. கண்ணாடி இல்லாமல் அவனுக்கு எதிரில் இருப்பது சரியாகத் தெரியாது, கண்ணை இடுக்கிக்கொண்டு பார்ப்பான். அந்தப் பார்வையைப் படத்தில் பார்ப்பவர்களுக்கு முரடன் மாதிரித்தான் தெரியும். எங்களுக்கு நிச்சயம் வரைக்கும் வந்த சம்பந்தம் ஒன்று அந்தப் படத்தாலேயே நின்றது. பெண்ணின் அப்பா அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினார், கீழே ஒரு வார்த்தை எழுதவில்லை. தள்ளுபடி ஆணையின் நகலைத் தம்பி திரும்ப அனுப்பினான். அதை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை.

கைது விவரங்களை மூடி வைக்க வேண்டும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அன்று இரவு பையன் போனை எடுக்கவில்லை, கூட இருக்கும் பையன்களுக்கும் ஒன்றும் தெரியவில்லை. விபத்தோ என்று ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் போன் போட்டோம். கடைசியில் சிறைப் பட்டியலில் பெயரைப் பார்த்த பிறகுதான் அவன் உயிரோடு இருக்கிறான் என்று எங்களுக்கு மூச்சு வந்தது. ஒருவரைப் பிடித்துக்கொண்டுபோய் எங்கே வைத்தோம் என்று அரசாங்கம் மறைக்கக் கூடாது, அதற்காகத்தான் அந்தப் பட்டியல். கைதானவரைப் பற்றிய அடிப்படை விவரங்களைப் போலீஸ் மறைக்கக் கூடாது என்று டெக்சாஸின் பொதுத் தகவல் சட்டமும் சொல்கிறது. குடிமக்களைக் காப்பதற்காக வைத்த ஏற்பாட்டை வரன் கழிக்கும் கருவியாக்கிவிட்டீர்களே என்பதுதான் என் வருத்தம்.

தாங்கள் பெயர் சொல்லிப் பரிந்துரைத்த கட்டண இணையதளம் எந்த அரசு அலுவலகமும் அல்ல. கவுண்டிகளின் பதிவுகளை அள்ளிச் சேர்த்து விற்கும் தனியார் வியாபாரம் அது. வேலைக்கு ஆள் எடுக்கவோ வீடு வாடகைக்கு விடவோ எங்கள் விவரத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று அந்தத் தளத்திலேயே பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். வாடகைக்கு ஆகாததைக் கல்யாணத்துக்குச் சிபாரிசு செய்கிறீர்கள். இப்படிப் படத்தைப் போட்டுவிட்டு, எடுப்பதற்குக் காசு கேட்ட தளங்களும் உண்டு. அவற்றைக் கட்டுப்படுத்த டெக்சாஸில் 2013-லேயே சட்டம் வந்தது. கலிபோர்னியாவும் ஃபுளோரிடாவும் காசு கேட்பதையே தடை செய்தன. வன்முறை இல்லாத குற்றச்சாட்டில் கைதானவர்களின் படத்தைப் போலீஸும் ஷெரிஃபும், சில விதிவிலக்குகள் தவிர, சமூக ஊடகத்தில் போடக் கூடாது என்று கலிபோர்னியாவில் 2022 முதல் சட்டமே இருக்கிறது. இந்த நாட்டுக்காரர்களே தவறென்று உணர்ந்து திருத்திக்கொண்டு வருவதை நாம் இப்போதுதான் கற்றுக்கொள்ளத் தொடங்குகிறோம்.

பிடிவாரண்ட் பற்றியும் ஒரு பத்தி எழுதியிருக்கிறீர்கள். சில ஷெரிஃபுகள் நிலுவையில் உள்ள வாரண்டுகளைத் தங்கள் தளத்தில் போடுவார்கள், சிலர் போடமாட்டார்கள். டெக்சாஸ் சட்டப்படி கைது வாரண்டும் அதற்கு ஆதாரமான வாக்குமூலமும், ஆளைக் கைது செய்து வாரண்டை நிறைவேற்றிய உடனே கிளார்க்கிடம் பொதுப் பார்வைக்கு வந்துவிடும். அதற்கு முன் தெரிந்தால் ஆள் தப்பிவிடுவான் அல்லவா? ஆகவே இணையத்தில் ஒன்றும் வரவில்லை என்றால் வாரண்ட் இல்லை என்று அர்த்தம் இல்லை. டிக்கெட்டுக்கு உரிய தேதியில் கோர்ட்டுக்குப் போக மறந்தவனுக்கும் வாரண்ட் வரும் என்பதால், வாரண்ட் இருந்தாலும் அவன் கேடி என்று அர்த்தம் இல்லை.

எல்லாவற்றையும் விடப் பெரிய சங்கடம் நம் பெயர்கள். அப்பா பெயரை இனிஷியலாக வைத்துக்கொள்கிறோம், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கிறது. அமெரிக்க விசாவில் அப்போது பையன் பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டு, முதல் பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு.' (முதல் பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அடித்துவிடுவார்கள். என் தம்பி மகனைச் சிறைப் பட்டியலில் கண்டுபிடிக்க அத்தனை நேரம் ஆனதற்கும் அதுதான் காரணம். எழுத்துக்கூட்டலை மாற்றி, பெயரை முன்பின்னாகப் போட்டு, கடைசியில் 'எஃப்.என்.யு.' என்று அடித்த பிறகுதான் வந்தான். நம் பக்கத்தில் ஒரே பெயரில், ஒரே வயதில் எத்தனை பையன்கள் இருக்கிறார்கள்! ஊரில் உட்கார்ந்துகொண்டு பெயரைத் தட்டிப் பார்ப்பவருக்கு யாரோ ஒரு பையனின் கைது இன்னொருவன் தலையில் விழாதா? பிறந்த தேதியையும் வழக்கு எண்ணையும் ஒத்துப் பார்க்கச் சொல்லி ஒரு வரி எழுதக் கட்டுரையாளருக்கு இடமில்லாமல் போயிற்றா?

தள்ளுபடியான கைதை நீதிமன்ற ஆணை வாங்கி அழிக்கலாம். அதற்கும் வக்கீல் செலவு, காத்திருப்பு எல்லாம் உண்டு. குடியுரிமை மனுவில் அழித்த கைதையும் சொல்லியாக வேண்டும் என்பதால், அழிப்பதற்கு முன்பே கிளார்க்கிடம் முத்திரையிட்ட தீர்ப்பு நகலை வாங்கிப் பத்திரப்படுத்தச் சொன்னார் எங்கள் வக்கீல். அந்த நகல் என் பீரோவில் இருக்கிறது. இந்த நாட்டு அரசாங்கமே முடிவு என்ன ஆயிற்று என்று அந்தக் காகிதத்தைக் கேட்கிறது. நம் சம்பந்திகள் கேட்பதில்லை.

எழுத உட்கார்ந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். தங்கள் இதழின் மாவட்டப் பக்கங்களில் கைதானவர்களைச் சுவரோரம் வரிசையாக நிறுத்தி எடுத்த படங்கள் வாராவாரம் வருகின்றன. அவர்களில் யாராவது விடுதலையானால் அதே பக்கத்தில், அதே அளவில் போட்டதை நான் பார்த்ததில்லை. சில வருஷங்களுக்கு முன் இது பற்றி எழுதினேன், பதிலும் இல்லை, பிரசுரமும் இல்லை. முதல் தகவல் அறிக்கையை, சில விதிவிலக்குகள் தவிர, 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2016-லேயே சொல்லிவிட்டது. 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 37-ஆம் பிரிவு, கைதானவர்களின் பெயர், முகவரி, குற்றச்சாட்டின் தன்மை ஆகியவற்றை ஒவ்வொரு காவல் நிலையத்திலும் மாவட்டத் தலைமையகத்திலும் எல்லோருக்கும் தெரியும்படி வைக்கச் சொல்கிறது. பிள்ளையைக் காணவில்லை என்று ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலையும் பெற்றோருக்கு உபயோகமான செய்தி அது. அதைப் பற்றி ஒரு கட்டுரை வந்ததாக எனக்கு நினைவில்லை. வெளிநாட்டு மாப்பிள்ளை என்றால் மட்டும் பக்கம் பக்கமாக வருகிறது.

நான் கேட்பது அதிகம் இல்லை. அடுத்த இதழில் ஒரு சிறு பெட்டிச் செய்தி போடுங்கள். கைதுப் பதிவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வழக்கு எண்ணை வைத்து அந்தக் கவுண்டியின் கிளார்க் அலுவலகத்தில் தீர்ப்பு நகலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், கட்டணம் செலுத்தினால் தபாலிலும் அனுப்புவார்கள். அதைவிட முதலில் பையனையே நேரில் கேளுங்கள் என்று இருந்தால் போதும். தங்கள் இணையப் பதிப்பிலிருந்து அந்தக் கட்டணத் தளத்தின் பெயரையும் எடுத்துவிடுங்கள்.

இந்தக் கடிதத்தைப் பிரசுரித்தால் என் பெயரும் ஊரும் வேண்டாம். பையனுக்கு இன்னும் வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகி,
டெக்சாஸ்